சுலைமான் நாழிகை

நஷ்வான் என்ற பெயருக்கு மகிழ்ச்சியில் கிறங்கிப் போனவன் என்று பொருள். ஏமன் நாட்டின் இப் நகரத்தில் தெருவுக்கு இரண்டு நஷ்வான்கள் கிடைப்பார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைக்கிற பெயர். ஆனால் மருத்துவக் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு படித்த இந்த நஷ்வான் கிறங்கி யாரும் பார்த்ததில்லை. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவனின் கழுத்து நரம்பு துடிப்பதைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்பான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை இருமினால் இவனுக்கு நுரையீரல் பாடம் முழுவதும் நினைவுக்கு வந்துவிடும். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பது அவனுக்கு மூக்கைச் சொறிவது மாதிரி. செய்வது தெரியாமலே செய்வான்.

இப்படிப்பட்டவனைத்தான் சமூக மருத்துவம் நடத்தும் டாக்டர் ரம்ஸியா தன் ஆய்வுக்குப் பிடித்துப் போட்டார். மருத்துவ மாணவர்களின் பொது உடல்நலம், போதைக்கு ஆளாகும் அபாயம் என்று ஆய்வுக்குத் தலைப்பு. நாற்பது மாணவர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எடுத்து எழுத வேண்டும். நஷ்வான் ஒரு வாரம் நாயாய் அலைந்து முடித்து, கட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தான்.

ரம்ஸியா ஐம்பதை நெருங்குகிறவர். முகத்திரைக்கு மேலே தெரிகிற இரண்டு கண்களாலேயே ஒரு வகுப்பை அடக்கி உட்கார வைப்பார். படிவங்களைப் புரட்டிப் பதினான்காம் கேள்வியில் விரலை வைத்தார். போதை தரும் பொருள் எதையாவது பயன்படுத்துகிறீர்களா?

"நாப்பது பேரும் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா டாக்டர்."

"நீயும்?"

"நானும்தான்."

"வாயத் திற."

திறந்தான். பல்லிடுக்கில் நேற்றைய பச்சை இன்னும் போகவில்லை.

"இது என்னது, கீரையா?"

"காத், டாக்டர். காத் எப்படி போதையாகும்? அது காத்."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். போதைப்பொருள் என்றால் அவன் ஊரில் பொடி, மாத்திரை, போலீஸ், மானக்கேடு. காத் அப்படியா? அது மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் தானாக வருவது. கல்யாணத்தில் வரும், இழவில் வரும், சமரசப் பேச்சில் வரும், பரீட்சை வந்தால் கட்டாயம் வரும். காத் மரத்தின் கொழுந்தைக் கிள்ளி மென்று, சக்கையைத் துப்பாமல் ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டே போவார்கள். நாலு மணிக்கு நெல்லிக்காய் அளவு இருப்பது ஆறு மணிக்கு எலுமிச்சை அளவாகியிருக்கும். அதை மெல்வதாகக்கூட யாரும் சொல்வதில்லை. சேமிப்பதாகத்தான் சொல்வார்கள். சேமிப்பைப் போய் யாராவது கெட்ட பழக்கம் என்பார்களா?

"தப்பு என் மேலதான், கேள்விய சரியாக் கேக்கல," என்றார் ரம்ஸியா. "இப்படிக் கேக்குறேன். கடைசியா எந்த நாள் சேமிக்காம இருந்த?"

நஷ்வான் யோசித்தான். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் சும்மாதான் இருந்தான், ஆனால் நோன்பு திறந்தபின் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டான். காய்ச்சலில் கிடந்தபோது, காய்ச்சலுக்கு நல்லது என்று யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"கடவாய்ப் பல்லு பிடுங்கினப்போ டாக்டர். முந்தின வருஷம். ரெண்டு நாள்."

"மறுபக்கக் கன்னம் சும்மாதானே இருந்துச்சு?"

இரண்டாம் நாள் மறுபக்கக் கன்னத்தில்தான் ஒதுக்கியிருந்தான்.

"சரி, ரத்த அழுத்தமெல்லாம் எப்ப எடுத்த?"

"காலைல ஒம்பது மணிக்கு, வகுப்புக்கு முன்னாடி."

"திருடன் ஊர்ல இல்லாத நேரம் பார்த்துக் காவல் போட்டிருக்க. பேருக்கேத்த பிள்ளைதான் போ. சாயந்தரம் அஞ்சு மணிக்கு, கன்னம் நிறைஞ்சிருக்கிறப்ப எடுத்துட்டு வா."

அப்படித்தான் ரத்த அழுத்தக் கருவி அவர்கள் அறைக்கு வந்தது. நஷ்வானும் ஃபிக்ரியும் அப்துல்பாரியும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறை அது. சுவரோரம் மெத்தைகள், சாய்ந்துகொள்ளத் திண்டுகள், ஆளுக்கொரு எச்சில் குவளை, தண்ணீர் குடுவை. மதியம் ஆனால் வகுப்புத் தோழர்கள் நாலைந்து பேர் புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். சன்னலைச் சாத்தி வைப்பார்கள். உடம்பு வியர்த்தால்தான் காத் பிடிக்கும் என்று கணக்கு.

மூவரில் ஃபிக்ரிதான் அந்த அறைக்கு உயிர். பஅதான் மலைக்காரன். சிரிக்காமல் ஜோக் அடிப்பான். எலும்புக்கூடு மாதிரி உடம்பு. ஐந்து வருடம் முன்னால் கல்லூரிக்கு வந்தபோது எடுத்த சட்டையில் இப்போது இரண்டு ஃபிக்ரி நுழையலாம். அவன் ஒருவனுக்கு என்றில்லை, அந்த அறையில் எல்லார் கதையும் அதுதான். பசி, தூக்கம், வயிறு கழிவது மூன்றும் ஒருவனுக்கு ஒரே நாளில் ஒழுங்காக நடந்தால் அன்று அவனுக்குப் பெருநாள். ஃபிக்ரியின் அப்பா ஹாஜி முக்பிலுக்கு மலைச்சரிவில் படிப்படியாக நாலு பாத்தி காத் மரம். புதன்கிழமைதோறும் விடியலில் தன் கையால் கொழுந்து கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, அதற்கு மேல் வாழைப்பட்டை கட்டி, மலையிறங்கும் ஜீப்பில் மகனுக்கு அனுப்புவார். "படிக்கிற பிள்ள, சந்தையில மருந்தடிச்ச இலையத் தின்னக் கூடாது," என்பாராம். அந்தப் பொட்டலத்துக்கு ஆசைப்பட்டே புதன்கிழமை அறையில் கூட்டம் அதிகம்.

நஷ்வான் கருவியை எடுத்து வைத்ததும் அது விளையாட்டாகிவிட்டது. யாருக்கு அதிகமோ அவன் ஜெயித்தான். பரிசாக மூலைத் திண்டு. அப்துல்பாரிக்கு நூற்று ஐம்பது. அவன் மேலும் நாலு கொழுந்தை வாயில் திணித்துக்கொண்டு மறுபடி எடுக்கச் சொன்னான். நஷ்வானின் கையில் பட்டையைக் கட்டி அப்துல்பாரி பார்த்தான். நூற்று அறுபத்திரண்டுக்கு நூற்று நாலு. "மோசமில்ல," என்றான். கடைசியில் ஃபிக்ரி சட்டையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நஷ்வான் காதில் குழாயை வைத்துக் கேட்டான். மறுபடி காற்றடித்து மறுபடி கேட்டான். நூற்று எழுபத்தாறுக்கு நூற்றுப் பதினாலு. நாடி நூற்று முப்பது.

எல்லாரும் கை தட்டினார்கள். ஃபிக்ரி எழுந்து நின்று மார்பில் கை வைத்து அவையை வணங்கினான்.

"பஅதான் மலை உசரம்னு தெரியும், இவ்வளவு உசரம்னு தெரியாது," என்றான் அப்துல்பாரி.

"எங்க அப்பன் மரத்த என்னன்னு நெனச்ச? உங்க சந்தை இலைக்கு நூத்தம்பதுக்கு மேல ஏறத் தெம்பு கிடையாது."

நஷ்வானும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுதினான். ஃபிக்ரியின் எண்ணை உள்ளபடி எழுதியவன், தன் படிவத்தில் மட்டும் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு என்று எழுதினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. உலகத்தில் எல்லார் உடம்புக்காகவும் கவலைப்படுகிறவனுக்குத் தன் உடம்பின் செய்தியைக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து அவன் ஃபிக்ரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு வாரமாக ஃபிக்ரி நெஞ்செரிச்சல் என்று மாத்திரை சப்பிக்கொண்டிருந்தான். காத் சேமிக்கிறவன் எவனுக்கு நெஞ்செரிச்சல் இல்லை? ஆனால் மாடிப்படி ஏறும்போதும் எரிகிறது என்றான். நஷ்வானுக்கு அது பிடிக்கவில்லை.

"ஃபிக்ரி, ஒரு தடவ இதய வரைபடம் எடுத்துப் பாத்துரலாம்டா. பத்து நிமிஷ வேல."

"எடுத்து?"

"பாத்து வைக்கலாம்."

"நீயும் எடுக்குறியா?"

நஷ்வான் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான்.

"அப்ப பரீட்சை முடியட்டும். ரெண்டு பேரும் கையக் கோத்துட்டுப் போவோம்," என்று அவன் முதுகில் ஒன்று போட்டான் ஃபிக்ரி. ஞாயிற்றுக்கிழமை பொது மருத்துவப் பரீட்சை. நஷ்வான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் தானும் அந்தக் கட்டிலில் சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுலைமான் நாழிகை என்று ஒன்று உண்டு. காத் சபை தொடங்கும்போது சந்தைக்கடை இரைச்சலாக இருக்கும். எல்லாரும் பேசுவார்கள், எவனும் கேட்க மாட்டான். பொழுது சாயச் சாயப் பேச்சு குறைந்து, மாலைத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சொல் இல்லாமல் அடங்கிவிடும். ஆளாளுக்குத் தங்கள் யோசனைக்குள் போய்விடுவார்கள். அதுதான் சுலைமான் நபியின் நாழிகை. மாணவர்கள் அந்த நேரத்தில்தான் புத்தகத்தை மனதில் ஏற்றுவார்கள். அப்போது வாயைத் திறக்கிறவனை மனிதரில் சேர்க்க மாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை நஷ்வான் அந்த நாழிகையில் வாயைத் திறந்தான். ஃபிக்ரி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தது அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. "ஃபிக்ரி, ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டான். ஆறு பேரும் திடுக்கிட்டு விழித்தார்கள். ஃபிக்ரிக்கு ஒன்றும் இல்லை. மண்ணீரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தானாம்.

"நேரமாகுறதுக்கு முன்னாடியே பாங்கு சொல்லிட்டான்யா மோதினாரு," என்றான் அப்துல்பாரி.

தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கிறவர்தான் மோதினார்; அன்றிலிருந்து நஷ்வானுக்கு அதுவே பெயர். வகுப்பில், சாப்பாட்டுக் கடையில், எங்கே கண்டாலும் "மோதினாரே, நேரமாச்சா?" என்று கேட்டார்கள். தெருவில் ஒருவன் காதில் கை வைத்துக் காட்டினான். கவலைப்படுகிறவர்களுக்குக் கேலி பொறுக்காது. இனிமேல் செத்தாலும் அந்த நேரத்தில் பேசுவதில்லை என்று நஷ்வான் தனக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

அதற்கு அடுத்த வாரம், பரீட்சைக்கு முந்தைய புதன்கிழமை மதியம் கல்சட்டியில் சல்தா என்கிற இறைச்சிக் குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. வெந்தய நுரையை ரொட்டியால் வழித்து எல்லாரும் சாப்பிட்டார்கள். ஃபிக்ரி இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டான்.

"வயிறு திம்முனு இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

பிறகு அப்பாவின் பொட்டலத்தைப் பிரித்தான். ஈரத்துணிக்குள் சிவந்த தண்டும் பளபளக்கும் கொழுந்துமாக இருந்தது. நல்லதாகப் பொறுக்கி முதலில் நஷ்வான் மடியில் போட்டான். "மோதினாருக்கு முதல் பங்கு. தொண்ட நல்லா இருக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். நஷ்வானுக்கும் சிரிப்பு வந்தது. கொழுந்து அவ்வளவு இளசாக இருந்தது, வாயில் போட்டதும் கரைந்தது.

அன்றைய பாடம் கல்லீரல். ஐந்து மணி வரைக்கும் கேள்வி கேட்டு ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். ஃபிக்ரி கேள்விக்குப் பதிலோடு கேட்டவனுக்கு ஒரு குட்டும் சேர்த்துக் கொடுத்தான். அப்புறம் ஒவ்வொரு வாயாக அடங்கியது. சன்னல் கண்ணாடியில் வெயில் மஞ்சளானது.

ஐந்து நாற்பத்தாறுக்கு நஷ்வான் பார்த்தான். சுவர்க்கடிகாரம் ஃபிக்ரியின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்ததால் அவனுக்கு அந்த நிமிடம் நிச்சயமாகத் தெரியும். ஃபிக்ரியின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. எல்லார் நெற்றியிலும்தான் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. எல்லார் உதடும் காய்ந்து வெளுத்துத்தான் இருந்தது. மூச்சு மேலோட்டமாக வந்தது, கண் எங்கோ நிலைகுத்தி நின்றது, பேச்சில்லை. நல்ல காத் கிடைத்த எவனும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருப்பான். மாரடைப்புக்குப் பாடப் புத்தகம் சொல்லும் அத்தனை அறிகுறியும் அந்த அறையில் ஏழு பேருக்கும் இருந்தது. ஆறு பேருக்கு அது சுகம்.

கேட்கலாமா என்று நஷ்வான் நினைத்தான். மோதினாரே என்ற குரல் காதில் கேட்டது. தன் மணிக்கட்டில் விரலை வைத்தான். நூற்றிருபதுக்கு மேல் ஓடியது. ஆக எனக்குத்தான் படபடப்பு, என் பயத்தை அவன் முகத்தில் பார்க்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஐந்து ஐம்பதுக்கு ஃபிக்ரி குனிந்து குவளையை எடுத்து, கன்னத்தில் இருந்த மொத்தத்தையும் துப்பினான். சத்தமே இல்லாமல் துப்பிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டான்.

பாங்கு சொல்லும் முன்னால் சேமித்ததை யாரும் துப்புவதில்லை. அதுவும் அப்பன் கையால் பறித்ததை. ஆடு மேய்க்கிறவன் பார்த்திருந்தால்கூட என்னடா ஆச்சு என்று கேட்டிருப்பான். மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். பார்த்தவன் நஷ்வான் ஒருவன்தான். ஃபிக்ரியின் இடது கை மடியில் கிடந்து விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்ததையும் அவன் பார்த்தான். தெரிந்துவிட்டது. ஐந்து வருடப் படிப்பும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்து நின்றது. இன்னும் எட்டு நிமிடத்தில் பாங்கு, எல்லாரும் தானாக எழுந்துவிடுவார்கள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அந்த எட்டு நிமிடத்தை என்ன சொல்லி நியாயப்படுத்துவது? பயந்தாங்கொள்ளி என்று ஒரு சொல் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அறை அசைந்து கொடுத்தது. ஒருவன் கொட்டாவி விட்டான், ஒருவன் குவளையைத் தேடினான். ஃபிக்ரி அசையவில்லை. நஷ்வான் ஒரே பாய்ச்சலில் பாய்ந்து அவனைத் தரையில் கிடத்தி, "நெஞ்சு, அவனுக்கு நெஞ்சு," என்று கத்தினான். எல்லார் கண்ணுக்கும் முதலில் பட்டது அந்தப் பாய்ச்சல்தான்.

மெத்தையோடு தூக்கிப் படியிறக்கி, தெருவில் போன வாடகைக் காரை மறித்து, இறக்கத்தில் பறந்தார்கள். அவசரப் பிரிவில் பணியிலிருந்த மருத்துவர் இவர்களைவிட மூன்று நாலு வருடம் மூத்தவர். அவர் கன்னமும் எலுமிச்சை அளவு புடைத்திருந்தது. வரைபடத் தாளை ஒரு முறை பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"வயசு?"

"இருபத்து மூணு."

"சர்க்கரை, அழுத்தம்?"

"அழுத்தம் இருக்கு. நூத்தி எழுபத்தாறு. போன வாரம் பாத்தேன்."

"பாத்துட்டு?"

நஷ்வான் ஃபிக்ரியின் சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"போதைப் பழக்கம் ஏதாவது?"

"இல்ல."

மருத்துவர் இல்லை என்று எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தவர் நஷ்வானின் பல்லைப் பார்த்தார். நஷ்வான் அவர் கன்னத்தைப் பார்த்தான். மருத்துவர் மூலையில் இருந்த தொட்டியில் போய்த் துப்பிவிட்டு வந்து மளமளவென்று வேலையைத் தொடங்கினார்.

ஃபிக்ரி பிழைத்தான். இதயத்தின் முன்சுவரில் ஒரு பங்கு செத்துப்போனதாகவும், இனி மலையேறுவது, மூட்டை தூக்குவது எல்லாம் யோசித்துத்தான் என்றும் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மிச்சம் கூடுதலாக இருந்திருக்கும் என்றும் பெரிய டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை நஷ்வானைத் தவிர யார் காதிலும் ஏறவில்லை. கல்லூரி முழுவதும் நஷ்வான் புகழ்தான். மோதினார் பாங்கு சொன்னதால்தான் ஃபிக்ரி உயிரோடு இருக்கிறான் என்று அப்துல்பாரியே கண்கலங்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தான். யாராவது பாராட்டும்போதெல்லாம் நஷ்வான் பாதியில் எழுந்து போனான்.

அவன் காத்தை அன்றோடு நிறுத்தினான். வைராக்கியம் எல்லாம் இல்லை, வாயருகே கொண்டுபோனால் குமட்டியது. இரண்டாம் நாள் தூக்கத்தில் ராஸிம் வந்தான். சேமிப்பை விட்டவர்களைத் தேடி வந்து நெஞ்சில் ஏறி உட்காருகிற அந்தப் பேயை அவன் அதுவரை கேலிக்கதை என்றுதான் நினைத்திருந்தான். காலையில் எழுந்ததும் நேராக ரம்ஸியாவிடம் போனான்.

"என் படிவத்துல அளவு தப்பு டாக்டர். நூத்தி அறுபத்திரண்டு. நானே குறைச்சு எழுதினேன். பதினாலாம் கேள்வியும் தப்பு."

ரம்ஸியா திட்டவில்லை. எழுதி வைத்துக்கொண்டார். பிறகு அவனைத் தன் முன்னால் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், வரைபடம் எடுக்கச் சீட்டு எழுதினார். "எடுத்துட்டு எங்கிட்ட காட்டிட்டுத்தான் போகணும்," என்றார். இந்த முறை அவன் சட்டையைக் கழற்றிப் படுத்தான். அதில் பயப்படும்படி ஒன்றுமில்லை.

நாலாம் நாள் மாலை ஹாஜி முக்பில் ஆஸ்பத்திரி நடைவழியில் அவனுக்காகக் காத்திருந்தார். மழையில் மலைப்பாதை அடைபட்டு அன்றுதான் இறங்கி வர முடிந்ததாம். குள்ளமான மனிதர், இடுப்பில் குத்துவாள், கன்னத்தில் சேமிப்பு. நஷ்வானைப் பார்த்ததும் எழுந்து அவன் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து, மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தார். ஈரத்துணி, வாழைப்பட்டை.

"விடிய எழுந்து பறிச்சேன். ஃபிக்ரிக்கு அனுப்புறதவிட இது நல்ல மரம். வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்குன்னு வச்சிருந்த மரம். சேமி மகனே."

"ஹாஜி, நான் இப்ப..."

"எம் புள்ள உயிரக் குடுத்தவன் நீ. என் கையால வேற என்ன குடுப்பேன்?"

பொட்டலத்தின் ஈரம் நஷ்வானின் தொடையில் இறங்கியது. அவனால் அதைத் திறக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

"நான் காப்பாத்தல ஹாஜி. முன்னாடியே பாத்துட்டேன். பன்னண்டு நிமிஷம் பாத்துட்டு உக்காந்திருந்தேன். எல்லாரும் மௌனமா இருந்தாங்க, கேக்க வெக்கப்பட்டுட்டு..."

ஹாஜி கையை ஆட்டினார். "சுலைமான் நாழிகையில எவன் பேசுவான்? நானா இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். மனச உழப்பிக்காத."

அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். நஷ்வானுக்கு அழுகை வந்தது. அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது?

ஹாஜி ஒரு கொழுந்தைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தார். உள்ளே ஃபிக்ரி தூங்கிக்கொண்டிருந்தான்.

"டாக்டரு காத்தாலதான் வந்துச்சுங்கிறாரு. இருக்கும். சந்தையில விக்கிற இலையில என்னென்னத்தையோ அடிக்கிறானுங்க. நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், வாங்காதடான்னு." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு சந்தை இலதானே?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். ஒரே ஒரு சொல். கிழவர் நிம்மதியாக மலையேறிப் போவார், மகன் தேறியதும் பழையபடி புதன்கிழமை ஜீப்பில் பொட்டலம் வரும். படிவத்தில் இல்லை என்று போட்டவனுக்கு, அவசரப் பிரிவில் இல்லை என்று சொன்னவனுக்கு, இங்கே ஒரு ஆமாம் சொல்வதா பெரிய காரியம்? புதன்கிழமை வரும் பொட்டலத்தை நஷ்வான் நினைத்துப் பார்த்தான்.

"இல்ல ஹாஜி. நீங்க அனுப்பினது."

ஹாஜியின் தாடை அசைவது நின்றது.

"அவன் வேற இல தின்னதே இல்ல. நீங்க அனுப்புறத மட்டும்தான். வாரம் பூரா வச்சு வச்சு."

கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடைவழியின் கடைசிச் சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அது அந்த நாழிகைதான். பெஞ்சுகளில் சாய்ந்திருந்த மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஹாஜியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. உதடு வெளுத்திருந்தது. கை மடியில் கிடந்தது.

நஷ்வான் கடிகாரத்தைத் தேடவில்லை. கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பேசுங்க ஹாஜி," என்றான், நடைவழி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி. "ஏதாவது பேசுங்க. எங்கயாவது வலிக்குதா?"

ஹாஜி குனிந்து, பெஞ்சுக்கு அடியில் இருந்த குவளையை எடுத்து, கன்னத்தில் இருந்ததை முழுவதும் துப்பினார். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வலிக்குது மகனே," என்றார். "ஆனா நீ பிடிச்சுப் பாக்குற இடத்துல இல்ல."

நஷ்வான் அவர் கையை விடவில்லை. பாங்கு சொல்லும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு, அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தான்.